டக்ளஸோட பிறந்த தேதியை உங்களுக்கு யாரு சொன்னா? குழந்தைகளுக்கு வரலாறு எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைகளுக்காக பெரிய மனுஷங்க கதையை எழுதுற, அச்சடிக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் எழுத்தாளர் எல்லாம் இல்லைங்க. எங்க ஊர் கிளை நூலகத்துல சனிக்கிழமை சாயங்காலம் பசங்களுக்கு புக்கு வாசிச்சுக் காட்டுவேன், அவ்ளோதான். பத்து பன்னெண்டு பேர் வருவாங்க, மழை புடிச்சா மூணு பேர். போன மாசம் ஃப்ரெடரிக் டக்ளஸ் பத்தி, அமெரிக்காவுல அடிமையா பொறந்து, தப்பிச்சு, அடிமைமுறையை எதிர்த்துப் பேசியும் எழுதியும் தலைவரான மனுஷன், ஒரு சின்ன புக்கை எடுத்தேன், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். முதல் பக்கத்துலயே கட்டம் கட்டி பிறந்த தேதி 14 பிப்ரவரி 1818னு இருந்துச்சு. ரெண்டாவது பக்கம் திருப்புனா, அந்தக் காலத்துல அடிமையா இருந்தவங்களுக்கு தன் பிறந்தநாளே தெரியாதுன்னு இருக்கு. ஆறாவது படிக்கிற ஒரு புள்ள கையைத் தூக்கிட்டா, "அத்தை, அப்ப முதல் பக்கத்துல இருக்கறதை யாரு சொன்னா?"

எனக்கு பதில் தெரியல. அடுத்த வாரம் சொல்றேன்னு சமாளிச்சுட்டு வீட்டுக்கு வந்து டக்ளஸ் தன் கையால எழுதின மூணு சுயசரிதையையும், 1845ல ஒண்ணு, 1855ல ஒண்ணு, 1881ல ஒண்ணு, ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சேன். படிச்ச பிறகுதான் உங்களுக்கு இதை எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா நீங்க எழுதுற டக்ளஸ் வேற ஆளு. உங்க ஆளு நல்ல பையன், கஷ்டப்பட்டான், ரகசியமா படிச்சான், தப்பிச்சான், பெரிய தலைவரா ஆனான், ஆகவே குழந்தைகளே நீங்களும் நல்லா படிங்கன்னு முடிச்சுடுறீங்க. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு முன்னாடி ஸ்கூல்ல குடுக்குற அட்வைஸ் மாதிரி. அவரோட கோவம் எங்க போச்சு, அவருக்காக தன் உயிரைப் பணயம் வச்ச மத்தவங்க எல்லாம் எங்க போனாங்கன்னு கேக்கறேன்.

முதல்ல பாட்டியில இருந்து ஆரம்பிக்கறேன். மெரிலாண்ட் மாநிலம், டால்பட் கவுண்ட்டி, டக்கஹோ ஓடைக்கரை. பேரு ஃப்ரெடரிக் பெய்லி, டக்ளஸ்ங்கிறது ரொம்ப பின்னாடி வந்த பேரு. அம்மா ஹாரியட்டை 12 மைல் தள்ளி இன்னொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பிட்டாங்க, புள்ளையை வளத்தது பாட்டி பெட்சி. பாட்டி வீட்டுல இருக்கற வரைக்கும் தான் இன்னொருத்தரோட சொத்துன்னு அவனுக்குத் தெரியவே தெரியாது. ஆறு வயசாச்சு, எஜமான் ஆரன் ஆந்தனி கூப்பிட்டு அனுப்பிட்டான், ஆந்தனி வந்து கர்னல் லாய்டுங்கிற பெரும் பண்ணையாருக்கு கணக்கும் நிர்வாகமும் பாக்கற ஆளு. பாட்டி பேரனைக் கூட்டிக்கிட்டு கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் நடந்தாங்க, நடுவுல கால் வலிச்சப்போ தோள்ல தூக்கிக்கிட்டாங்க. அங்க போனதும், அந்தா பாரு உன் அண்ணன் பெரி, உன் அக்கா சாரா, போய் விளையாடுன்னு சொன்னாங்க. கூடப் பொறந்தவங்களை அன்னைக்குத்தான் முதல் முதலா பாக்கறான். அவன் விளையாடப் போகாம சுவத்துல சாய்ஞ்சுக்கிட்டு மத்தவங்க விளையாடுறதைப் பாத்துக்கிட்டு நிக்கறான், கொஞ்ச நேரத்துல ஒரு பொடிசு ஓடி வந்து பாட்டி போயிட்டாங்கன்னு கத்துது. தரையில விழுந்து அழுதான், அண்ணனும் அக்காவும் சமாதானப்படுத்த பீச் பழமும் பேரிக்காயும் நீட்டினதை எல்லாம் விட்டெறிஞ்சான்.

இந்த இடத்தை வாசிச்சப்போ என் பசங்க ஒருத்தர் கூட அசையல. உங்க புக்குல இது "சிறு வயதிலேயே பாட்டியைப் பிரிந்தார்"னு ஒரே வரி.

அங்க சாப்பாடு எப்படின்னா மக்காச்சோளக் கூழை மரத்தொட்டில ஊத்தி தரையில வச்சுடுவாங்க, பசங்க பன்னிக்குட்டிங்க மாதிரி ஓடி வந்து சிப்பி ஓட்டாலயோ வெறுங்கையாலயோ அள்ளி அள்ளித் தின்னணும், யாரு வேகமா தின்னாங்களோ அவங்களுக்கு வயிறு ரொம்பும். வருஷத்துக்கு ரெண்டு முரட்டுத்துணி சட்டை, கால்சட்டை கிடையாது, செருப்பு கிடையாது. குளிருக்கு சோளம் தூக்குற ஒரு சாக்கை எடுத்து தலையை உள்ள விட்டு கால் வெளிய கிடக்க தூங்குவான். பனில கால்ல விழுந்த வெடிப்பு எவ்ளோ பெருசுன்னா, இப்ப நான் எழுதுற இந்தப் பேனாவை அதுக்குள்ள வைக்கலாம்னு எழுதி வச்சிருக்கார். யோசிச்சுப் பாருங்க, அந்தப் பேனாவைப் புடிக்கிற கையும் அந்தக் காலும் ஒரே ஆளோடது. இந்த வரியை விட்டுட்டு நீங்க என்னத்துக்கு அந்தப் பக்கத்துல பூ படம் போட்டீங்கன்னு புரியல.

பால்டிமோர் கதை நீங்க எல்லாரும் எழுதறீங்க, ஒத்துக்கறேன். எட்டு வயசுல, 1826ல, ஹியூ ஆல்டு வீட்டுக்கு அவன் மகனைப் பாத்துக்க அனுப்பறாங்க. ஹியூவோட பொண்டாட்டி சோஃபியா அதுக்கு முன்னாடி அடிமை வச்சு பழக்கம் இல்லாதவங்க, பைபிள் வாசிக்கறதைக் கேட்டு ஆசைப்பட்ட பையனுக்கு எழுத்து சொல்லித் தராங்க. ஹியூ பாத்துட்டான். இடம் குடுத்தா மடத்தைப் புடுங்குவான்னு நம்ம ஊர்ல சொல்லுவோமே, கிட்டத்தட்ட அதையேதான் சொன்னான், இவனுங்களுக்கு ஒரு அங்குலம் குடுத்தா ஒரு முழம் எடுப்பானுங்க, படிக்கத் தெரிஞ்சா அப்புறம் அடிமையா இருக்கவே லாயக்கில்லாம போயிடுவான்னு. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்த பையனுக்கு சுளீர்னு உறைச்சுது, ஓ அப்ப இதான் வழியா. அவனுக்குக் கிடைச்ச முதல் நல்ல பாடத்தை எடுத்தது அவனைப் படிக்கக் கூடாதுன்னு சொன்ன ஆளுதான், டக்ளஸே அதை ஒத்துக்கறார்.

நீங்க நிறுத்துறது எங்கன்னா சோஃபியா நல்லவங்க, எழுத்து சொல்லிக் குடுத்தாங்க, அதோட சரி. அப்புறம் நடந்தது? புருஷனை விட மோசமா மாறினது அவங்கதான். பையன் கையில செய்தித்தாளைப் பாத்தாலே பாய்ஞ்சு வந்து புடுங்குவாங்க. அடிமைத்தனம் எனக்குக் கெடுதல் பண்ணின மாதிரியே அந்தம்மாவுக்கும் பண்ணிச்சுன்னு டக்ளஸ் எழுதறார். ஒரு நல்ல மனுஷி கையில இன்னொரு மனுஷன் மேல முழு அதிகாரத்தைக் குடுத்தா என்ன ஆகும்னு அவர் எவ்ளோ நிதானமா காட்டறார், அதை பத்து வயசு புள்ளைக்கு சொல்ல ஏன் பயப்படறீங்க? எங்க பசங்க கேட்டதும் லீடர் ஆனதும் மாறிப்போன ஒரு பையன் பேரை டக்குனு சொன்னாங்க.

அதுக்கப்புறம் ரொட்டி. கடைக்கு அனுப்பினா சட்டைக்குள்ள ரொட்டித் துண்டு வச்சுக்கிட்டுப் போவான், அந்த வீட்டுல அவனுக்கு ரொட்டிக்குப் பஞ்சம் இல்ல, தெருவுல இருந்த வெள்ளைக்கார ஏழைப் பசங்களுக்குத்தான் பசி. ரொட்டி அவங்களுக்கு, பாடம் இவனுக்கு. எழுதக் கத்துக்கிட்டது கப்பல் கட்டுற பட்டறையில, தச்சன் ஒவ்வொரு மரத்துண்டுலயும் இது கப்பலோட இடப்பக்கம், இது வலப்பக்கம், முன்னாடி, பின்னாடின்னு குறிக்க ஒரு எழுத்தை எழுதுவான், அந்த நாலு எழுத்தை மொதல்ல கத்துக்கிட்டு எதிர்ல வர்ற பசங்ககிட்ட எனக்கும் உன்னளவுக்கு எழுத வரும்டான்னு சவடால் விடுவான், எங்க எழுதுன்னு அவன் கேப்பான், இவன் நாலையும் எழுதிட்டு இப்ப நீ எழுதுன்னுவான், அவன் எழுதுற புது எழுத்தை எல்லாம் மனசுல ஏத்திக்குவான். சுவரு, வேலிதான் நோட்டு, சாக்கட்டிதான் பேனா. பன்னெண்டு வயசு வாக்குல 50 சென்ட் சேத்து கொலம்பியன் ஓரேட்டர்னு ஒரு பேச்சுத் தொகுப்பு வாங்கறான், அதுல ஒரு எஜமானும் அடிமையும் வாதாடி அடிமை ஜெயிக்கற உரையாடல் ஒண்ணு வருது.

அந்த ரொட்டிப் பசங்க பேரை 1845 புத்தகத்துல அவர் எழுதல. எழுத ஆசையா இருக்கு, எனக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அவங்களுக்கு சங்கடம் வரும்னு விட்டுட்டார். உங்க புக்குல அந்தப் பசங்களே இல்ல. "தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டார்"னு இருக்கு. யாரு சொன்னது தானாகன்னு?

இனி கோவி. இதை நீங்க ஒருத்தர் கூட எழுதறதில்ல, அல்லது "கொடிய எஜமானனிடம் துன்புற்றார்"னு தாண்டிடறீங்க. 1834 ஜனவரி 1, பையனுக்கு பதினாறு ஆகப்போகுது, அப்ப அவன் ஹியூவோட அண்ணன் தாமஸ் ஆல்டோட சொத்து. இவன் அடங்கமாட்டேங்கறான்னு எட்வர்ட் கோவிகிட்ட ஒரு வருஷத்துக்கு விட்டுடறான். கோவிக்கு தொழில் விவசாயம், ஆனா பேரு வாங்கினது அடிமைகளை அடிச்சு முறிச்சு வழிக்குக் கொண்டு வர்றதுல. முதல் ஆறு மாசம் வாராவாரம் சவுக்கு. ஆகஸ்ட் வெயில்ல கோதுமை தூத்திக்கிட்டு இருக்கறப்போ மயங்கி விழுந்தவனை உதைச்சு, கட்டையால தலையில அடிச்சு ரத்தம் கொட்டுது. ஏழு மைல் நடந்து போய் தாமஸ் ஆல்டுகிட்ட முறையிட்டான், திரும்பிப் போன்னு அனுப்பிட்டான் அந்த ஆளு. வழில சாண்டி ஜென்கின்ஸ்னு இன்னொரு அடிமை, வயசுல பெரியவர், இந்த வேரை வலப்பக்கமா வச்சுக்க எவனும் உன்னை அடிக்க முடியாதுன்னு ஒரு வேரைக் குடுத்தார். (தாயத்து மாதிரின்னு சொன்னதும் பசங்களுக்கு ஒரே குஷி. டக்ளஸுக்கு அதுல பெருசா நம்பிக்கை இல்ல, பெரியவர் மனசு நோகக் கூடாதேன்னு வாங்கி வச்சுக்கிட்டார்.)

திங்கக்கிழமை காலைல கோவி கால்ல கயிறு மாட்டப் பாத்தான், பையன் கழுத்தைப் புடிச்சுட்டான். ரெண்டு மணி நேரம் கிட்ட சண்டை. கோவி உதவிக்கு பில்னு ஒரு அடிமையைக் கூப்பிடறான், அவரு வாடகைக்கு வந்த ஆளு, என் எஜமான் என்னை வேலை செய்ய அனுப்பினாரு, ஃப்ரெடரிக்கை அடிக்க இல்லன்னு ஒதுங்கிட்டார். கரோலின்னு ஒரு அம்மா, அவங்க கோவியோட சொந்த அடிமை, தப்பிக்க எந்த வழியும் இல்லாதவங்க, நல்ல பலசாலி, அவங்க ஒரு கை குடுத்திருந்தா பையன் கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும், அவங்களும் மாட்டேன்னுட்டாங்க, அதுக்காக அப்புறம் அடியும் வாங்கினாங்க. அதுக்கு அப்புறம் கோவி அவன் மேல கை வைக்கவே இல்ல, போலீசுக்கும் போகல, போனா ஒரு பதினாறு வயசுப் பையன்கிட்ட தோத்தேன்னு ஊருக்குத் தெரிஞ்சு பொழப்பு போயிடுமே.

வன்முறை, குழந்தைகளுக்கு வேண்டாம்னு ஒரு எடிட்டர் சொல்லுவார்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க சவுக்கடியை எழுதறீங்களே, அதுவும் படத்தோட. அடி வாங்கறதைக் காட்டலாம், கையைப் புடிச்சு நிறுத்தினதைக் காட்டக் கூடாதுன்னா அது என்ன கணக்குங்க? அதுவும் கரோலினை விட்டுட்டீங்க பாருங்க, அதைத்தான் என்னால மன்னிக்க முடியல.

தப்பிச்ச கதைக்கு வரேன். 1838 செப்டம்பர் 3. பால்டிமோர்ல கப்பலுக்கு கலப்பத்து அடிக்கிற வேலை பாத்துக்கிட்டிருந்தார், அதாவது பலகை இடுக்குல சணலும் கீலும் வச்சு தண்ணி உள்ள வராம அடைக்கிறது, வாரக் கூலியை ஹியூ ஆல்டு கையில அப்படியே குடுத்துடணும். அங்கதான் அன்னா மர்ரேயைப் பழக்கம், சுதந்திரமான கறுப்பினப் பெண், வீட்டு வேலை பாத்து காசு சேத்தவங்க. டிரெயின் செலவுக்குக் காசு அவங்க குடுத்தது, இறகு மெத்தை ஒண்ணைக் கூட வித்தாங்க. சிவப்பு சட்டை, கழுத்துல கறுப்புத் துணி, மாலுமி வேஷம். பாக்கெட்ல ஒரு காகிதம், தலைப்புல அமெரிக்கக் கழுகு படம் போட்டது, அது ஒரு சுதந்திரமான கறுப்பின மாலுமியோட அடையாளத்தாள், அந்த மனுஷன் கடன் குடுத்திருந்தார். அதுல எழுதியிருந்த அங்க அடையாளம் இவரை விட நல்ல கறுப்பான ஒரு ஆளோடது. கண்டக்டர் ஒழுங்கா படிச்சிருந்தா ரெண்டு பேருமே மாட்டியிருப்பாங்க, அவன் கழுகைப் பாத்துட்டு சரின்னு போயிட்டான். டிரெயின், படகு, திரும்ப டிரெயின், அப்புறம் ஸ்டீமர், பிலடெல்ஃபியா, அங்கிருந்து நியூயார்க், ஒரு நாள் கூட முழுசா ஆகல. நியூயார்க்ல, தப்பிச்சு வர்ற அடிமைகளுக்கு உதவி பண்ணிக்கிட்டிருந்த டேவிட் ரகில்ஸ் வீட்டுல ஒளிஞ்சு இருந்து அன்னாவை வரவழைச்சு பன்னெண்டே நாள்ல கல்யாணம். நியூ பெட்ஃபோர்டுக்குப் போனப்போ நாதன் ஜான்சன்ங்கிறவர்தான் ஒரு ஸ்காட்லாந்து கவிதைல இருந்து டக்ளஸ்னு பேரு எடுத்து வச்சார்.

1845ல புத்தகம் போட்டப்போ எப்படி தப்பிச்சார்னு எழுதலைங்க, உதவினவங்க மாட்டுவாங்க, அதே வழில பின்னாடி வர்றவங்களுக்குக் கதவு அடைபட்டுடும்னு. சுயசரிதைல அந்தக் கதை முழுசா வந்தது 1881லதான். அவ்ளோ பொத்திப் பொத்தி வச்ச கதையை நீங்க "மாலுமி வேடமிட்டுத் தப்பினார்"னு நாலு வார்த்தையில முடிச்சுட்டீங்க, அன்னா பேரே இல்லாம. அவங்க கடைசி வரை சரியா எழுதப் படிக்கக் கத்துக்கல, அவர் அயர்லாந்துலயும் இங்கிலாந்துலயும் மேடை மேடையா பேசிக்கிட்டிருந்த காலத்துல லின்ங்கிற ஊர்ல ஷூ தைக்கிற வேலை பாத்து பிள்ளைங்களுக்கு சோறு போட்டாங்க.

வெளிநாடு ஏன் போனார்னா, புத்தகத்துல எஜமான் பேரை அப்படியே போட்டுட்டார், புடிச்சு இழுத்துட்டுப் போக சட்டத்துல இடம் இருந்துச்சு. அங்க கிடைச்ச சிநேகிதங்க 1846ல 150 பவுண்டு, அதாவது 711 டாலர் திரட்டி ஆல்டு குடும்பத்துக்குக் குடுத்து விடுதலைப் பத்திரம் வாங்கினாங்க. ஒரு மனுஷனுக்கு விலை குடுத்தா அந்த வியாபாரத்தையே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதான்னு கூட இருந்தவங்களே சண்டைக்கு வந்தாங்க. எங்க பசங்களும் பாதி அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம்னு கத்தி, லைப்ரேரியன் வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க.

அப்புறம் ரோசெட்டா கதை. இது ஏன் எந்த சிறுவர் புத்தகத்துலயும் வரலன்னு எனக்கு ஆச்சரியமா இருக்கு, ஏன்னா இது முழுக்க முழுக்க பசங்க கதை. ரோசெஸ்டர்ல 1847 டிசம்பர்ல இருந்து வடக்கு நட்சத்திரம்ங்கிற பேர்ல பத்திரிகை நடத்தறார். 1848ல ஒன்பது வயசு மக ரோசெட்டாவை ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல பணம் கட்டி சேத்தா, தலைமை ஆசிரியை புள்ளையைத் தனி ரூம்ல ஒத்தையா உக்கார வச்சுட்டாங்க. அழுதுகிட்டு வந்து சொன்னா. இவர் போய் கேட்டதும் அந்தம்மா ஒவ்வொரு மாணவியா எழுப்பி உனக்கு இவ கூட உக்கார ஆட்சேபணை இருக்கான்னு கேட்டாங்க. ஒருத்தி கூட இருக்குன்னு சொல்லல. எங்க உக்கார வைக்கலாம்னு கேட்டா, என் பக்கத்துல என் பக்கத்துலன்னு குரல் வருது. அப்புறம் பெத்தவங்ககிட்ட கேட்டாங்க, ஒரே ஒரு அப்பா ஆட்சேபணை சொன்னார், வார்னர்ங்கிற பத்திரிகை ஆசிரியர், அந்த ஒரு ஆளுக்காகப் புள்ளையை வெளிய அனுப்பிட்டாங்க. டக்ளஸ் என்ன பண்ணினார்? பேரைப் போட்டு அந்த ஆளுக்கு பத்திரிகையில ஒரு திறந்த மடல் எழுதினார்.

ஆமாங்க, திறந்த மடல். அதே 1848ல, தப்பிச்ச பத்தாவது வருஷ நாள் அன்னைக்கு, தாமஸ் ஆல்டுக்கே ஒண்ணு எழுதினார். உங்க மேல எனக்கு சொந்தப் பகை இல்ல, ஆனா அடிமைமுறையைத் தாக்க உங்களையே ஆயுதமா வச்சுக்கப் போறேன், என் அக்கா தங்கச்சிங்க எங்க, பாட்டியை கிழட்டுக் குதிரையைத் தொரத்துற மாதிரி சாகட்டும்னு காட்டுல விட்டியேன்னு கேட்டுட்டு, நான் உங்க சக மனுஷன், உங்க அடிமை இல்லன்னு முடிக்கறார். அடுத்த வருஷம், பாட்டியை ஆல்டு தன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்து பாத்துக்கிட்டான்னு தெரிய வந்துச்சு. உடனே அதே பத்திரிகையில இன்னொரு மடல், பாட்டி விஷயத்துல நான் எழுதினது தப்புன்னு. தன்னை மாடு மாதிரி சொந்தம் வச்சிருந்த ஆளுகிட்ட. எனக்கு டக்ளஸை ரொம்பப் புடிச்சுப் போனது இந்த இடத்துலதான்.

மத்ததை வேகமா சொல்லிடறேன், அது உங்க புக்குலயும் இருக்கு. 1852 ஜூலை 5ல இந்த ஜூலை நாலு சுதந்திர தினம் உங்களோடது, என்னோடது இல்லன்னு வெள்ளைக்கார சபையைப் பாத்து பேசினது, பெண்கள் ஓட்டுரிமைக்காக 1848லயே செனகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டுல நின்னது. உள்நாட்டுப் போர்ல ரெண்டு மகன்களை 54வது மாசசூசெட்ஸ் படைக்கு அனுப்பிட்டு, வெள்ளை சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், எங்க பசங்களுக்கு புடித்தம் போக 7 டாலரான்னு 1863ல லிங்கன்கிட்டயே நேர்ல போய்க் கேட்டது உங்க புக்குல இல்ல, "லிங்கனின் நண்பர்"னு மட்டும் இருக்கு.

இப்ப அந்தப் புள்ள கேட்ட கேள்வி. 1877ல டக்ளஸ் வாஷிங்டன்ல யூ.எஸ். மார்ஷல், பெரிய பதவி. செயின்ட் மைக்கேல்ஸ் ஊருக்குப் போறார், 80 தாண்டின தாமஸ் ஆல்டு படுத்த படுக்கை, வரச் சொல்லி ஆள் விட்டிருக்கான். ஆல்டு அவரை மார்ஷல் டக்ளஸ்னு கூப்பிடறான், இவர் கேப்டன் ஆல்டுங்கறார், மார்ஷல் வேண்டாம், முன்ன மாதிரி ஃப்ரெடரிக்னே கூப்பிடுங்கன்னும் சொல்றார். கிழவனுக்கு கை நடுங்குது, ரெண்டு பேருக்கும் தொண்டை அடைக்குது. நான் உங்களை விட்டு ஓடல, அடிமைத்தனத்தை விட்டுத்தான் ஓடினேன்னு இவர் சொல்ல, உன் இடத்துல இருந்தா நானும் அதையேதான் பண்ணியிருப்பேன்னு அவன் சொல்றான். பாட்டி பேச்சு வருது. அப்புறம் ரொம்ப நாளா மனசுல இருக்கற ஒண்ணைக் கேக்கறார். எனக்கு என்ன வயசுங்க?

நாடே அறிஞ்ச மனுஷன், அறுபதைத் தொடப்போறவர், தன் வயசைக் கேக்க அவருக்கு இருந்த ஆளு அந்தப் பழைய எஜமான்தான். ஆல்டு 1818 பிப்ரவரின்னான். தேதி சொல்லத் தெரியல. பின்னாடி ஆய்வாளர்கள் ஆரன் ஆந்தனியோட பழைய கணக்கு ஏட்டைத் தேடி எடுத்தப்போ, அடிமைப் பட்டியல்ல ஹாரியட் மகன் ஃப்ரெடரிக் அகஸ்டஸ், பிப்ரவரி 1818னு எழுதியிருந்துச்சு. அதுலயும் தேதி இல்ல. அம்மா ஒரு தடவை ராத்திரில நடந்து வந்து பட்டினி கிடந்த புள்ளைக்கு இதய வடிவத்துல ஒரு இஞ்சி கேக்கு குடுத்ததை 1855 புத்தகத்துல எழுதியிருக்கார், அம்மா அவருக்கு ஏழு வயசு இருக்கும்போதே போயிட்டாங்க. பிப்ரவரி 14ங்கிறது அவரா பின்னாடி தனக்குன்னு வச்சுக்கிட்ட நாள், காதலர் தினமான அந்த நாளை அம்மாவோட அந்த இதய வடிவ கேக்கு ஞாபகத்துலதான் எடுத்துக்கிட்டார்னு சொல்லுவாங்க.

இதை அடுத்த சனிக்கிழமை அந்தப் புள்ளைகிட்ட சொன்னேன். புக்கை வாங்கி, பென்சிலால அந்த 14ஐ மட்டும் அடிச்சுட்டு பக்கத்துல "அவரே வச்சது"ன்னு எழுதிட்டுத் திருப்பிக் குடுத்தா. நூலகப் புக்கு, கிறுக்கக் கூடாது, நான் ஒண்ணும் சொல்லல. அடுத்த பதிப்பு போடறப்போ நீங்களும் அந்தக் கட்டத்துல அப்படியே போட்டுடுங்க. கரோலினுக்கும் அன்னாவுக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் வேணும், பூ படத்தை எடுத்தா இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வாசிப்பு அத்தை